உடையாத தொட்டி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திண்டுக்கல்லுக்கு வெளியே பாறைத் தரிசில் கிணறு வெட்டினேன், தக்காளி நாற்றுப்பண்ணை போட்டேன். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகச் சாணியும் தென்னைநார்த் தூளும் பிசைந்து, செடியோடு அப்படியே மண்ணில் புதைத்தால் கரைந்துவிடும் தொட்டியையும் நானே செய்தேன். பஸ்ஸில் கொண்டுபோனால் உடைகிறது என்று சிலர் குறை சொன்னார்கள். ரோஷத்தில், கலவை ஒட்டுவதற்குச் சேர்க்கும் மரவள்ளிப் பசையை இரண்டு மடங்காக்கினேன். கீழே போட்டே காட்டினேன், உடையவில்லை.

தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், பக்கத்து ஊர் சவரியம்மாள் தன் காடு முழுக்க என் நாற்றை நட்டு, கிணற்றின் கடைசித் தண்ணீரையும் பாய்ச்சினார். ஒரே மாதத்தில் அத்தனையும் வாடிவிட்டது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“விதைக் கோளாறா இருக்கும், தாயி” என்றேன்.

அவர் ஒரு செடியைத் தோண்டி என் கையில் கொடுத்தார். தொட்டி கரையவே இல்லை. உடைத்துப் பார்த்தேன். வெளியே வர வழியில்லாமல் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கருகியிருந்தது.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீகண்ணே. அம்புட்டு கெட்டி” என்றார்.

அடுத்த மாதம் காட்டைப் போட்டுவிட்டு அவர் திருப்பூருக்கு பஸ் ஏறினார். திரும்பி வரவில்லை.

இன்று பலரும் மக்கும் தொட்டி விற்கிறார்கள். இந்தப் பக்கம் அதை முதலில் செய்தவன் நான்தான். அதைப் பற்றி யார் எழுதினாலும் என் பெயரைப் போட வேண்டும். சவரியம்மாளின் காடு தரிசானதையும் அந்தப் பெயருக்குக் கீழேயே எழுத வேண்டும்.