எண்ணெய் படிந்த ஃபிலிம்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெஷின் இருக்கிறதாம். பிளாஸ்டிக் துண்டு ஒன்றை அதன் கீழே வைத்தால் போதும், அதைக் கெடுத்தவன் யார் என்று சொல்லிவிடுமாம். கிள்ளான் ஃபேக்டரி ஒன்றில் இதற்காகவே ஒருவன் கையை ஒடித்து வைத்திருக்கிறார்களாம். மெஷின் பதில் வந்ததும் மற்ற கையாம். பிரிக்ஃபீல்ட்ஸ் பாசாரில் மீன் விற்கும் பவுனம்மாள், தன் மருமகன் யாரிடமோ கேட்டு வந்ததை உர்சுலாவிடம் சொல்லிக்கொண்டே மீனின் தலையை வெட்டித் தள்ளினாள்.

உர்சுலா மீனை வாங்கிக்கொண்டு நடந்தாள். அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். ஒடிந்த கை அவள் தம்பி கிளாரன்ஸுடையது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் இருவரும். அப்பா வேலை முடிந்து வரும்போதே இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வருவார். யார்மேல் கோபம் என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை. தம்பி குறுக்கே போய் நிற்பான். அவன் முதுகு வாங்கிய அடிகளின் மறைவில் இவள் கான்வென்ட்டில் படித்தாள், பட்டம் வாங்கினாள், பிளாஸ்டிக்கை ஆராயும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஃபாரத்தோடு நின்றான். கடைசியில் கிள்ளானில் காசிவிஸ்வநாதனின் பிளாஸ்டிக் ஃபிலிம் ஃபேக்டரியில் 'கரண்ட்காரன்' ஆனான்.

பிளாஸ்டிக் ஃபிலிமில் மை ஒட்டாது. சேம்பு இலையில் தண்ணீர் ஓடுவதுபோல உருண்டு ஓடிவிடும். அதனால் அச்சடிக்கும் முன்பு ஃபிலிமை மின்பொறிக்கு நடுவே ஓடவிடுவார்கள். ஊதா நிறத்தில் சீறும் அந்தப் பொறி பட்ட பிறகுதான் மை பிடிக்கும். பொறியைக் கவனிப்பது கிளாரன்ஸின் வேலை. அந்த ஆண்டு அக்டோபரில் ரொட்டிப் பைகளின் எழுத்தெல்லாம் வாங்கினவர்கள் உள்ளங்கையில் உரிந்து வந்தது. லோரி லோரியாகச் சரக்கு திரும்பியது. கரண்ட்காரன் பொறியை வேண்டுமென்றே அணைத்து வைத்தான் என்று முதலாளி முடிவு கட்டினார். முந்தின வாரம் ஒரு பங்களாதேஷிப் பையனை அவர் அறைய ஓங்கியபோது கிளாரன்ஸ் எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தான். அது அவருக்குள் ஆறாமல் கிடந்தது.

ஸ்டோர் ரூமில் வைத்து அடித்தார்கள். வெளியிலிருந்து வந்த இரண்டு பேர். ஃபிலிம் சுற்றும் இரும்புக் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இடக்கையை ஒரு ரோல்மேல் விரித்துப் பிடித்து, யார் சொல்லி அணைத்தாய் என்று கேட்டுக்கேட்டு ஒவ்வொரு விரல்மேலும் குழாயை இறக்கினார்கள். அணைக்கவில்லை என்று அவன் ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். பிறகு சொல்ல வாய் வரவில்லை. வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் நாகையா மட்டும் சந்தேகப்பட்டுக் கதவை மிதித்துத் திறந்தான். தோளில் ஒரு அடி வாங்கிக்கொண்டு, மயங்கிக் கிடந்தவனை இழுத்துப்போட்டுத் தன் மோட்டார்சைக்கிளில் ஏற்றி, சட்டையைக் கழற்றி இடுப்போடு இடுப்பாகக் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கப் போனபோது, உங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் லா என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காசிவிஸ்வநாதன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஃபிலிம் துண்டுகளை அனுப்பினார். பொறி பட்டதா, படவில்லையா என்று மட்டும் கேட்டிருந்தார். வேலை உர்சுலாவின் மேசைக்கு வந்தது. கல்யாணமானவளின் பெயரில் அண்ணன் தம்பி தெரிய மாட்டார்கள். இது என் தம்பி விஷயம் என்று அவள் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேறு கைக்குப் போய்விடும். அந்தக் கை அசட்டையாக இருந்தால் தம்பிக்கு மிச்சமிருப்பது ஒரு கைதான். வாயை மூடிக்கொண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டாள்.

அந்த நுண்ணோக்கி கண்ணால் பார்ப்பதில்லை. தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய ஊசி ஃபிலிமின் மேல் குருடன் கைபோலத் தடவித் தடவிப் போகும். அது ஏறி இறங்குவதைத் திரை வரிவரியாகப் படமாக்கும். பொறி பட்ட ஃபிலிம் புல்லரித்த தோல்போல நுண்ணிய முண்டுகளோடு இருக்கும். படாதது வெறும் தரை.

உரிந்த பையின் துண்டில் ஊசி முண்டு எதையும் காட்டவில்லை. எதிலோ ஒட்டிக்கொண்டு இழுபட்டது. படம் சேறு மிதித்த மாதிரி வந்தது. உண்மையிலேயே அணைத்துவிட்டானோ என்று ஒரு கணம் தம்பியைச் சந்தேகித்தாள். பிறகு, ஒட்டுவது எது என்ற கேள்வி வந்தது. எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில் துண்டை அலசி உலர்த்தி மறுபடி வைத்தாள். முதல் வரி, இரண்டாம் வரி என்று திரை நிறைய நிறைய முண்டுகள் எழும்பி வந்தன. பொறி பட்டிருந்தது. அதற்கு மேலே எண்ணெய் படிந்திருந்தது.

அலசாத துண்டொன்றைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தபோது அந்த எண்ணெயில் மஞ்சளாகத் தூளும் சிவப்பாகச் சில மணிகளும் கிடந்தன. மாதாகோயிலுக்குப் போகிறவள் என்றாலும் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவளுக்கு அது சந்தனம், அது குங்குமம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுத பூஜை. அன்று மெஷின்களை நிறுத்திப் பளபளக்கத் துடைத்து, ரோலருக்கு ரோலர் பொட்டு வைத்து, முதலாளியே சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார் என்று கிளாரன்ஸ் வருஷா வருஷம் பொரிகடலையோடு வந்து கதை சொல்வான். பொறியைத் தாண்டி ஃபிலிம் தொடும் ரோலரில் எண்ணெய். மறுநாள் கழுவாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

முறைப்படி அறிக்கை திங்கட்கிழமை மேலதிகாரி கையெழுத்தோடு போக வேண்டும். ஆனால் அந்த இரண்டு பேர் நேற்று தம்பியின் ஃபிளாட்டுக்குக் கீழே நின்று சிகரெட் பிடித்ததாகத் தகவல். சனிக்கிழமை மத்தியானம், கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில், உர்சுலா ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டாள். முதலாளியே எடுத்தார்.

பொறி சரியாகத்தான் பட்டிருக்கிறது, ஆபரேட்டர்மேல் தப்பில்லை, ரோலரில் எண்ணெய் இருந்திருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் குரலை அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கையால் முடியாததை வாயால் செய்தாள்.

"எண்ணெயில சந்தனமும் குங்குமமும் இருக்கு சார். உங்க சரக்கைக் கெடுத்தது உங்க பூஜைதான்."

மறுமுனையில் காசிவிஸ்வநாதன் கோபமே இல்லாமல் பேச்சைத் தொடர்ந்தார்.

"அப்படியா மிஸ். ரோலரைப் பளபளன்னு வைங்கடான்னேன். எவன் எண்ணெய் போட்டுத் துடைச்சான்?"

அவள் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பி யாரிடமோ கேட்பதும், ரோலர் துடைக்கிறது எப்பவும் நாகையாதானே பாஸ் என்று அங்கிருந்து ஒரு குரல் சொல்வதும் தெளிவாகவே கேட்டன.

"கதவை உதைச்சவன்தானே," என்றார் முதலாளி. "ரெண்டும் சேர்ந்துதான் பண்ணியிருக்கு. அன்னைக்கு வந்தவனுங்க ரெண்டு பேரையும் கூப்பிடு. தேங்க்ஸ் மிஸ்."

துடைக்கச் சொன்னது நீங்கள்தானே சார் என்று இவள் கத்தியது துண்டித்த லைனில் போனது.

உடனே தம்பிக்கு ஃபோன் அடித்தாள். நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"நாகையா பேரையாக்கா குடுத்தே?"

"நான் குடுக்கலடா. பூஜைன்னுதான் சொன்னேன்."

"என் கையோட முடிஞ்சு போயிருக்கும்க்கா," என்றான். "அவனுக்கு இன்னைக்கு ஆஃப். வீட்லதான் படுத்திருப்பான். நம்பர் எழுதிக்க. நான் டாக்சி பிடிச்சுப் போறேன், நீ அடிச்சுக்கிட்டே இரு. எடுத்தான்னா பின்பக்கமா இறங்கிப் போயிடச் சொல்லு. எங்கேயாவது. செமினிக்கு, அவன் மச்சான் வீட்டுக்கு."

கம்போங் மேடானில் இருந்த நாகையா வீட்டு நம்பரைச் சுழற்றினாள். மணி போனது. ஒற்றை அறை வீடு அது, படுக்கையிலிருந்து கையை நீட்டினாலே ஃபோன் எட்டும் என்று நாகையா ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். மணி ஓய்ந்து லைன் அறுந்தது. மறுபடி சுழற்றினாள். விரல் நழுவித் தப்பாகப் போய், வைத்து, திரும்பச் சுழற்றினாள். எடு நாகையா, எடு என்று வாய்விட்டே சொன்னாள். மணி போய்க்கொண்டே இருந்தது.