அனுமதி கேட்பவர்களுக்கு மட்டும்

ஓய்வு பெறப் போகிற வருடத்தில் இர்மெலியின் தலையில் அந்த வேலை விழுந்தது. கிழக்கு பின்லாந்தின் சதுப்பு நிலமொன்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்தே அவள் காலம் கழிந்திருந்தது. அந்த அளவுகளை எங்கே சேமித்து, யாரோடு பகிர்வது என்று இப்போது முடிவு செய்தாக வேண்டும். கூட அளந்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் ஹெல்சிங்கிக்குப் போய்விட்டார்கள். இர்மெலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் தரவுகளைக் கவனிக்கும் பெர்த்து காபி ஊற்றிக்கொண்டே யோசனை சொன்னான்.

"தேசியத் தரவுக் களஞ்சியத்துல போட்டு எல்லாருக்கும் திறந்து விட்டுடுங்க இர்மெலி. தொல்லையே இல்ல."

"என்ன தொல்லை?"

"எவனாவது சந்தேகம் கேட்டு மெயில் போடுவானே, அது."

அந்தத் தொல்லைக்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? 'அனுமதி கேட்பவர்களுக்கு மட்டும்' என்ற கட்டத்தை அழுத்தினாள்.

"பாசியிலயும் தண்ணியிலயும் என்ன ராணுவ ரகசியம்?" என்று பெர்த்து சிரித்தான்.

"அங்க அபூர்வமான பறவை கூடு கட்டுது," என்று கூசாமல் புளுகினாள்.

குளிர்காலம் முழுக்க, எழுந்ததும் மெயிலைத்தான் திறந்தாள். மின்சார நிறுவனமும் மருந்துக்கடையும் தவறாமல் எழுதின. கோடையும் அப்படியே போனது.

இலையுதிர்காலத்தில் நெதர்லாந்திலிருந்து ஃபெம்கே என்ற மாணவி எழுதினாள், வறண்ட கோடைகளின் அளவுகள் வேண்டும் என்று. இர்மெலிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அனுமதி போய்விடும். ஆனால் ஒரு வார்த்தையும் இல்லாமல் வெறும் அனுமதியா? தண்ணீர் அளக்க நட்டதில் எந்தக் குழாயைக் கடமான் மிதித்தது, எந்தக் கோடையில் பாசி வெளுத்தது என்று எழுதினாள், அடித்தாள், திருப்பி எழுதினாள். ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தி வாரங்கள் ஓடிவிட்டன. கடைசியில் அனுமதியோடு சேர்த்து அனுப்பிவிட்டு, சந்தோஷத்தில் ஏலக்காய் ரொட்டி சுட்டாள்.

ரொட்டி ஆறுவதற்குள் பதில் வந்தது.

"மன்னிச்சுக்கங்க மேடம். உங்ககிட்டேருந்து பதிலே வரலயா, ஸ்வீடன்ல வேறொரு சதுப்போட அளவ எடுத்துக்கிட்டேன். அது எல்லாருக்கும் திறந்திருந்துச்சு. கட்டுரையும் குடுத்தாச்சு."

கடிதத்தைப் படித்தாளா என்பதற்கு ஒரு சொல் இல்லை.

இர்மெலி களஞ்சியத்துக்குள் போய் அனுமதியை 'எல்லாருக்கும்' என்று மாற்றினாள். 'இனி யாரும் உங்களைத் தொடர்புகொள்ள வேண்டியிருக்காது. சம்மதமா?' என்று திரை கேட்டது.

அவள் அழுதாள். பிறகு, சதுப்பாவது நாலு பேரோடு பழகட்டும் என்று சம்மதம் கொடுத்தாள்.