முதல் கியரில் பின்னால் வந்த டிராக்டர்

அந்தப் பழைய டிராக்டரில் ஏறினால் எனக்கு இன்னும் முதுகு சில்லிடும்.

போன வருஷம் அதன் டீசல் பம்பைப் பழுதுபார்க்க நானே கழற்றினேன். கழற்றும் முன் பல்சக்கரங்களில் அடையாளம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. திரும்ப மாட்டும்போது, டீசல் எந்த நொடியில் பாய வேண்டும் என்ற டைமிங்கைக் குத்துமதிப்பாக வைத்தேன். ஒரு பல் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்ற திமிர்.

பழுதுபார்த்த வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் எடுப்போம். என் மனைவி முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பழங்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"முன்னால நிக்காத. பின்னால போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள்.

பேட்டரி முனகியது. இன்ஜின் ஒரு உதை உதைத்துப் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் புகையே இல்லை. காற்றை இழுக்க வேண்டிய ஏர் பில்டர் கரும்புகையைக் கக்கியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

தப்பான டைமிங்கால் இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது. அதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது அவளும் சுவரும்தான். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன், ஸ்டாப் கம்பியை இழுத்தேன். இன்ஜின் அடங்கியது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் நடந்து வந்து, நசுங்காமல் கிடந்த பழங்களைக் குனிந்து எடுத்தாள்.

"இனிமே எங்கன நிக்கணும்னு நானே பாத்துக்கிறேன்" என்றாள்.