மூன்றாவது கட்டம்

லூர்துராஜ் பேனா மூடியைத் திறந்தான், மூடினான், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். கேன்டீன் மேஜையில் தாள் அப்படியே இருந்தது. அவன் டீ கிளாஸை எடுத்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று அதன் ஓரத்தைத் தொட்டிருந்தது.

பர்சனல் ஆபீஸிலிருந்து செக்‌ஷனுக்கு ஒருவர் என்று வந்த படிவம். சனிக்கிழமை மெட்ராஸில் ஒருநாள் பயிற்சி. மூன்று வகுப்புகள், எதிரில் மூன்று கட்டங்கள். ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். மேடைப் பேச்சு. நேரத்தைத் திட்டமிடுதல். கோபத்தைக் கையாளுதல். நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

யூனியன் செயலாளர் பகலவன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னா லூர்து, பொண்ணு பாக்கிற மாதிரி பாத்துகினு கீற? மொத கட்டத்துல போட்டுட்டு போ. சங்கத்துக்கு ஒரு பேச்சாளராவது கெடைப்பான்."

லூர்துராஜ் மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தான். பகலவன் சிரிப்பதை நிறுத்தினான்.

"அத்த மட்டும் தொடாத. நீயே எழுதிக் குடுத்தா மாதிரி ஆயிடும். திங்கக்கெழம விசாரண கீது, தெரியும்ல?"

தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஸ்பேனர் சூப்பர்வைசரின் காதோரமாகப் போய்த் தகரச் சுவரில் விழுந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எண்ணெய்க் கையிலிருந்து ஸ்பேனர் வழுக்கிவிட்டது என்று பதில் போனது. எழுதியவன் பகலவன். வழுக்கிவிட்டது என்ற வார்த்தையைக் கொடுத்தது லூர்துராஜ். கையெழுத்தும் அவனுடையது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. அவன் வேலை இப்போது அந்த ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தது.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, இரண்டு பட்டறைகளில் சண்டை போட்டு வெளியே வந்து, இந்த டிராக்டர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக இருக்கிறான். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு அது எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்த காலம் அந்த வருடம் மே மாதம் அங்கே குண்டு வெடித்ததோடு முடிந்திருந்தது. கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எறிவான். எறிந்தது எப்போதும் கொஞ்சம் தள்ளியே விழும். யாரையும் அடித்ததில்லை என்பதை ஒரு சான்றிதழ் போல வைத்திருந்தான். மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டேன் என்பான். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். அது முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கம்பெனி பஸ்ஸில் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தான். இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் கடைத்தெரு முனை வரை நடந்து திரும்பினான். மேடைப் பேச்சு என்று போட்டுவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. சனிக்கிழமை நாலு பேர் எதிரில் நின்று தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, மதியம் சாப்பிட்டு, பஸ் ஏறிவிடலாம். விசாரணை முடிந்து செவ்வாய்க்கிழமையும் அதே ஸ்பேனரைப் பிடிக்கலாம். இந்த இடத்தில் நினைப்பு நின்றது. அவன் திரும்பவும் முதலிலிருந்து யோசித்தான்.

வீட்டில் அன்னபுஷ்பத்திடம் தாளைக் காட்டினான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். எது என்றாலும் சரி, இருட்டுவதற்குள் திரும்பினால் போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் ஜன்னலருகே நின்றான்.

வெளியே படியில் மகள் ஜெர்சி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது. எழுதினாள், எச்சில் தொட்டு அழித்தாள், திரும்ப எழுதினாள். மூன்றாவது முறை அழித்ததும் எழுந்து சிலேட்டைச் சுவரைப் பார்த்து எறிந்தாள். சத்தம் கேட்டு அன்னபுஷ்பம் ஓடினாள்.

"கை வழுக்கிடுச்சும்மா" என்றாள் ஜெர்சி. குரலில் தடுமாற்றம் இல்லை.

அன்னபுஷ்பம் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று லூர்துராஜ் கேட்டான்.

"டிபன் டப்பா செவுத்துல போய் வியும்போதெல்லாம் பக்கத்து வூட்டுல கேக்குறாங்க. நான் வேற இன்னா சொல்றது? அவளும் கேட்டுகினுதான் இருக்கா." சில்லுகளை முறத்தில் போட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, "அந்த ஸ்பேனரு?" என்றாள்.

"எறிஞ்சேன்."

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தான். தாளை ஜன்னல் கட்டையில் வைத்து மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"வேல போயிட்டா?"

"தெரியல" என்றான். உட்கார்ந்தான், உடனே எழுந்தான்.

மறுநாள் காலை ஷிஃப்ட். ஒன்பதே முக்காலுக்குப் படிவத்தைக் கொடுத்தான். பர்சனல் ஆபீசர் படித்துவிட்டு, மாற்ற வேண்டுமானால் வேறு தாள் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றான். அவர் முத்திரை குத்தி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து விசாரணைக் கோப்பில் வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் பகலவன் வேறு மேஜையில் உட்கார்ந்தான். திங்கட்கிழமை தான் கூட வருவது சந்தேகம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். இரண்டு மணிக்குப் பயிற்சிக்கான கடிதம் வந்தது. ஒன்பதரைக்குள் வர வேண்டும், மதியச் சாப்பாடு அங்கேயே என்று இருந்தது. லூர்துராஜ் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான். இரண்டரைக்கு ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியது.