கருமண் மூட்டைகள்

மழைக்காலம் வந்தால் எல்லோரும் அரிசிப் பானையைத்தான் முதலில் மேலே தூக்கி வைப்பார்கள். நாங்கள் மண்ணைத் தூக்கி வைத்தோம். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் ஓலை வேய்ந்த எங்கள் கொட்டகையில் அரிசி இருந்த நாட்களைவிட மண் இருந்த நாட்கள்தான் அதிகம், அது வேறு விஷயம்.

அது கருமண். என் வீட்டுக்காரர் பித்தளை வார்க்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். முதலாளி செத்ததும் பிள்ளைகள் இடத்தை விற்றார்கள், சாமான்களை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொண்டார்கள். தரையில் கிடந்த மண்ணை மட்டும் யாரும் சீந்தவில்லை. இவர் கேட்டார். "மண்ணுதானே, வாரிக்கினு போ" என்று சிரித்தார்களாம். நானும் அவரும் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்தோம். "இன்னாக்கா, ஆத்தங்கரையில குந்திக்கினு ஊரான் மண்ணைத் தூக்கியாறே?" என்று கேட்காத பொம்பளை எங்கள் தெருவில் பாக்கி இல்லை.

அவர்களுக்கு என்ன தெரியும்? ஆற்று மணலில் அச்சு எடுத்தால் பித்தளை சொரசொரவென்று அம்மை கண்ட முகமாக வரும். வருஷக்கணக்காக உருகிய பித்தளையின் சூட்டில் கிடந்து கறுத்த மண்ணில்தான் வார்ப்பு வழவழவென்று விழும். கொட்டகையிலேயே ஓர் உலை போட்டு அவர் சொந்தமாக வார்க்க ஆரம்பித்தார். ஊற்றி ஆறியதும் அச்சை உடைப்பது என் வேலை. தீய்ந்து கட்டியான மண்ணைத் தள்ளிவிட்டு மற்றதை இடித்துச் சலிப்பேன். சல்லடையில் நிற்கும் பித்தளைத் துணுக்குகளை மறுபடி உருக்கப் பொறுக்கி வைப்பேன். பிறகு கொஞ்சம் களிமண் சேர்த்து, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, ஈரச் சாக்கால் மூடுவேன். மறுநாள் அவர் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரிப்பார். விரல் பதிந்த தடம் கலையாமல் நின்றால், "மண்ணு நல்லா கீதுமே" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கஞ்சி இறங்கும்.

ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஒரு புது பங்களாவுக்குக் குழாய்களும் கதவுப் பிடிகளும் வேண்டுமென்று ஒரு மேஸ்திரி வந்தார். மண்ணில் அழுத்தி அச்சு எடுக்க அவற்றின் மர மாதிரிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். தை பிறந்ததும் கிரகப்பிரவேசம். "இது நல்லா வந்தா அந்தத் தெருவு வேலை பூரா உனக்குத்தான்" என்றார். சொந்தமாகக் கொட்டகை போட்ட பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இதுவும் கைநழுவினால் உலையை மூடிவிட்டு இவர் கூலிக்குப் போகவேண்டியதுதான். அது இருவருக்கும் தெரியும்.

கார்த்திகையில் பிடித்த மழை விடவே இல்லை. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. மண்ணையெல்லாம் சாக்குகளில் கட்டிப் பலகை மேல் அடுக்கினோம். ஒரு மத்தியானம் தெருக்கோடியில் கரை கரைய ஆரம்பித்தது. அதை ஒட்டிய குடிசையில் ஒருத்தி பிள்ளை பெற்று, காய்ச்சலோடு கிடந்தாள். தெரு ஆம்பளைகள் முழங்கால் தண்ணீரைக் கடந்து எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"அண்ணே, அந்த மூட்டைங்களைக் குடு. வெச்சு அடைச்சாத்தான் கரை நிக்கும்."

"ஏன், ஆத்துல மண்ணு இல்லியா? வாரிக் கட்டுங்களேன்!" என்று நான் கத்தினேன்.

"வாரி வாரிப் போடறோம், கரைஞ்சிக்கினே போவுதுக்கா. கட்டின மூட்டை உங்கிட்டதான் கீது."

நான் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எங்க வயித்துல அடிக்காதீங்கடா! பாவிங்களா, நாங்க சிரமப்பட்டு தூக்கியாந்த மண்ணுடா இது!" எங்கள் கொட்டகை மேட்டில் இருந்தது, கரை உடைந்தாலும் மண் தப்பியிருக்கும். அதனால்தான் மாட்டேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். எனக்கு நல்லவள் என்ற பேர் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மூட்டைகளிடம் வந்தார். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, முதல் மூட்டையைத் தானே தோளில் ஏற்றினார்.

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா?"

"அந்தப் புள்ள அழுவுறது கேக்குதுமே" என்றார்.

கடைசி மூட்டைவரை போயிற்று. கரை நின்றது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தக் குடிசைப் பக்கம் போகவே எனக்கு ரொம்ப நாள் மனம் வரவில்லை.

வெள்ளம் வடிந்தபோது சாக்குகள் கிழிந்து, உள்ளே இருந்ததை ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. தெருக்காரர்கள் கரையைத் தோண்டிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, "இந்தாக்கா, உங்க மண்ணு" என்று ஆசையாகக் கொட்டினார்கள். அத்தனையும் ஆற்றுச் சேறு. இவர் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை, "வெச்சிட்டுப் போங்க" என்றார். உலர்த்திச் சலித்தேன். புல் வேரும் நத்தை ஓடும்தான் சல்லடையில் நின்றன. இவர் ஒரு பிடி இறுக்கிப் பார்த்தார், களியாக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் தை நெருங்கிவிட்டதே! அதிலேயே அச்சு எடுத்து ஊற்றினார். பித்தளை சீறித் தெறித்தது. குழாய்கள் உடம்பெல்லாம் ஓட்டையாக வந்தன.

மேஸ்திரி ஒரு குழாயை எடுத்து ஓட்டையில் நகத்தை விட்டுப் பார்த்தார். மர மாதிரிகளைத் துண்டில் கட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அதன் பிறகு இவர் வேறொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். அச்சு எடுக்கும் வேலை இல்லை, ஆறிய அச்சை உடைத்து மண் சலிக்கும் வேலை. இங்கே நான் செய்துகொண்டிருந்த வேலை. சாயங்காலம் வந்ததும் அவர் வேட்டியை வாங்கி முற்றத்தில் உதறுவேன். மடிப்பிலிருந்து கறுப்பாக உதிரும். அதைக் கூட்டித் தள்ள மனம் வராமல் ஒரு பானையில் சேர்த்து வந்தேன்.

ஒருநாள் அவர் அந்தப் பானையைத் திறந்து பார்த்துவிட்டார். இருந்ததை வழித்து எடுத்து, தண்ணீர் தெளித்து, இறுக்கிவிட்டுக் கையை விரித்தார். விரல் பதிந்த தடம் கலையாமல் நின்றது.

"மண்ணு நல்லா கீதுமே" என்றார்.

வெள்ளத்தன்று அழாத மனுஷன், மேஸ்திரி போனபோது அழாத மனுஷன், அந்த ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதார்.