துப்பாக்கிக்குப் பூ கேட்ட கதை

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இத்தனை வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவள் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மீட்டிங் நடக்கும்போது காலை ஆட்டுவேன். பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு தரம் எழுந்து போய்விட்டு வருவேன். "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்" என்று என் அம்மா சலித்துக்கொள்வதுண்டு. இந்த உடம்பு அசையாமல் நின்ற இடம் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். அது ஊருக்கு வெளியே இருக்கிற துப்பாக்கி சுடும் மைதானம்.

கம்பெனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் பஸ் வைத்து அங்கே கூட்டிப்போனார்கள். டீ சாஸர் அளவில் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று குழிக்குள் இருக்கும் இயந்திரத்திலிருந்து விர்ரென்று கிளம்பி வானத்தில் போகும். களிமண் தட்டு என்று பேர். ஆங்கிலத்தில் "புல்", அதாவது "இழு", என்று நாம் குரல் கொடுத்தால்தான் அது கிளம்பும். தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு பிரியாணிக்குப் போனார்கள். நான் தொடர்ந்து தவறவிட்டுக்கொண்டே நின்று, கடைசியில் ஒன்றை உடைத்தேன். அது கறுப்புத் தூளாகச் சிதறியதைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. அடுத்த ஞாயிறு நானே தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போய் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன்.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்க. நீ என்னடான்னா காசு குடுத்து மண்ணை உடைக்கப் போற" என்று என் கணவர் கேலி செய்தார். மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். எதையும் கேலி செய்துவிட்டு அப்புறம் அவரே கூட வந்து நிற்பார். எங்களோடு இருக்கும் அத்தை, அதாவது என் மாமியார், கேலியும் செய்யவில்லை, கூடவும் வரவில்லை. நான் கிளம்பும்போது டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

வினை, மைதானத்தில் கிளப் இரவலாகத் தரும் துப்பாக்கியில் இருந்தது. ஆறடி ஆணுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற துப்பாக்கி. தோளில் பதிய வேண்டிய அதன் மரக்கட்டை எனக்கு நீளம். அதனால் தோள்குழியில் உட்காராமல் வெளியே நழுவிப் புஜத்து எலும்பின் மேல் போய் நிற்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அங்கேதான் இடி விழும். ஞாயிறு மாலை பார்த்தால் புஜம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். வீட்டில் தெரியக் கூடாதென்று முழங்கை வரை மறைக்கிற சுடிதார்களாகத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு அதிர்ஷ்டம் வாய்த்தது. அத்தை தன் முழங்கால் வலிக்காக ஞாயிறு மாலைகளில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். "சூடு இன்னும் இருக்குது. மேடை மேல வெச்சிருக்கறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். நான் சத்தமில்லாமல் அந்த முடிப்பை எடுத்துப்போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புஜத்தில் வைத்துக்கொள்வேன்.

ஒத்தடத்துக்கு அடங்காமல் போனபோது டாக்டரிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார். "ஒண்ணு உங்களுக்குப் பொருந்தற துப்பாக்கியா பாத்து வாங்குங்க. இல்லீன்னா இதோட விட்டுருங்க. இப்படியே போனா தலை வாரக்கூட கை எழாது" என்றார். விடுவதா? எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரத்தில் ஒரே ஒரு காலைப்பொழுது நான் நிம்மதியாக இருக்கிறேன், அதையும் ஒரு மரக்கட்டை பிடுங்கிக்கொள்வதா?

அன்றைக்கே உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். விசாரிக்க வந்த காவலர் வாசலில் நின்று, "சாரு இல்லீங்களா? துப்பாக்கி சாருக்குத்தானுங்களே?" என்றார். "எனக்குங்க" என்றதும் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சார் வரும்வரை காத்திருந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது நகர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை அதே கிளப் துப்பாக்கியும் அதே கத்தரிக்காய்ப் புஜமும்தான். உரிமம் கைக்கு வந்த நேரம் பார்த்துத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை ஊரில் உள்ள துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டும், புதிதாக வாங்கவும் முடியாது. நான் வீட்டில் துடைப்பத்தைத் தோளில் வைத்துப் பார்த்தேன். ஆபீசில் குடையை வைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒருவழியாகத் தேர்தல் முடிந்து, காந்திபுரம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்த ஆயுதக் கடைக்குப் போனோம். விற்பனைக்கு இரண்டு இருந்தன. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் வைத்தவை, வேறு ஆட்கள் சுட்டுவிட்டு விற்றவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று பெரிய வெளிநாட்டுத் துப்பாக்கி. இரும்பில் வெள்ளிப் பூவேலை, பறக்கிற பறவைகள், கண்ணாடி போலப் பளபளக்கும் மரம். இன்னொன்று சிறியது. வேலைப்பாடு கிடையாது, கட்டையில் ஒரு கீறல். வெளியூருக்குக் குடிபோன ஒரு பெண்மணி கொடுத்துவிட்டுப் போனதாம்.

கடைக்காரர் பெரியதை எடுத்து, குழலைத் திறந்து உள்ளே காலி என்று காட்டி, என் கணவரிடம் நீட்டினார். "எடுத்துப் பாருங்க சார்."

இவரும் வாங்கித் தோளில் வைத்தார். ஆள் உயரம், கை நீளம். கச்சிதமாகப் பொருந்தியது. முகத்தில் புது வண்டி எடுத்தவரின் சந்தோஷம். "ஏ அம்மணி, எப்படியிருக்குது? ஊட்டுல இருந்தா ஒரு கெத்துதான்" என்றார். சுடப்போவது நான், உரிமம் என் பேரில். கடையில் இருந்த இரண்டு ஆண்களுக்கும் அது அந்த நேரத்தில் ஞாபகமில்லை.

எனக்கு மைதானத்தில் சொல்லியிருந்த ஒரு சோதனை உண்டு. காலித் துப்பாக்கியோடு வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு எடுக்க வேண்டும். எடுத்தபின் கண்ணைத் திறந்தால், குழலின் முனையில் இருக்கும் சின்ன மணி பார்வைக்கு நேராக நிற்க வேண்டும். கழுத்தை வளைத்துத் தேடக் கூடாது. பெரியதை அப்படி எடுத்தேன். கட்டை அக்குளில் மாட்டியது, கண்ணைத் திறந்தால் பூவேலைதான் தெரிந்தது. சிறியதை எடுத்தேன். கன்னம் மரத்தில் தானாகப் போய்ப் படிந்தது. கண்ணைத் திறந்தேன், மணி நேராக நின்றது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர், "அது சும்மா பழகறதுக்குங்க. பேரெடுக்கோணும்னா பெருசுதானுங்க" என்றார். இவர், "கட்டையக் கொஞ்சம் அறுத்துக்கலாம்" என்றார். அந்த மரத்தையா அறுப்பது என்று அவரே அடுத்த நிமிடம் பதறினார். பேச்சு முடியாமலே வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து காபிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இதே பேச்சுதான்.

கேட்டுச் சலித்துப்போன அத்தைதான் ஒரு நாள், "ஆத்தாகிட்ட பூ கேட்டுப்போடலாம்" என்றார்.

போர்வெல் போடவும், பெண் எடுக்கவும், நிலம் வாங்கவும் எங்கள் வீட்டில் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இலையில் கட்டி அம்மன் காலடியில் போடுவார் பூசாரி. கேட்கிறவர் மனதுக்குள் கேள்வியை நினைத்துக்கொள்வார். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த பூதான் முடிவு. ஒரு தரம் கேட்டதை மறுபடி கேட்கக் கூடாது. துப்பாக்கிக்குப் பூ கேட்ட முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவிநாசியைத் தாண்டி இருக்கிறது குலதெய்வக் கோயில். போகிற வழியெல்லாம் இவர், "வெள்ளை வந்தா பெருசு, செவப்பு வந்தா சிறுசு. அம்மா, மறந்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை தலையை ஆட்டினார். சந்நிதியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு நேரமா என்று என் கால் பரபரத்தது. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

இவர் முகம் மலர்ந்தது. அத்தை அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு ஆத்தா மேலேயே கோபம் வந்தது. நீயும் ஒரு பெண்தானே, உன் கையில் சூலம் கொடுத்தவர்கள் உன் அளவு பார்க்காமலா கொடுத்தார்கள் என்று மனதுக்குள் சண்டை போட்டேன். பிரசாதம்கூடச் சரியாக இறங்கவில்லை.

சனிக்கிழமை பெரியதை வாங்கக் கடைக்குப் போனோம். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லாமல் இல்லை. வாக்கை மீறினால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் பெரியதை ஒருமுறை தோளில் வைத்ததுமே, பழைய காயத்தின் மேல் அது உட்கார்ந்ததும், எனக்குத் தெரிந்துவிட்டது. இதை வாங்கினால் இரண்டு மாதத்தில் இது பீரோவுக்குள் போய்விடும், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரி துடைத்துக்கொண்டிருப்பேன்.

"சின்னதக் குடுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். எப்போதும் "நீ, வா, போ" என்கிற மனுஷர், "ஏனுங்க, ஆத்தா வாக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களே, மறந்துபோட்டீங்களா?" என்றார்.

"மறக்கலீங்க. இடி வாங்கப்போறது என்ற தோளுங்க, ஆத்தா தோளு இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க அத்தனை தூரம் கோயிலுக்குப் போனதுங்க?"

"நானா கூப்பிட்டனுங்க?"

கடைக்காரர் நடுவில் டீ சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது இவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். சிக்னலில் நின்றபோதுகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் மடியில் இருந்த துப்பாக்கிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பிராது வைத்தார். "அம்மா, உங்க மருமக ஆத்தா வாக்க மீறிப்போட்டா. சின்னதத்தான் வாங்கிட்டு வந்திருக்கறா."

அத்தை உரித்த கடலையைக் கிண்ணத்தில் போட்டார். "எந்த வாக்க?"

"வெள்ளை வந்துச்சுல்லங்க?"

"வந்துச்சு. நா துப்பாக்கியப் பத்திக் கேக்கவே இல்லியே, கண்ணு. பெருசு சிறுசெல்லாம் ஆத்தாளுக்கு என்ன தெரியும்?" என் பக்கம் திரும்பினார். "இவ தோளக் கன்னிப்போக வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு நடக்கறாளே, இந்தக் கருமாந்திரத்த உடோணுமா, செய்யட்டுமான்னு கேட்டேன். உடோணும்னா செவப்பு குடு, செய்யட்டும்னா வெள்ளை குடுன்னு. செவப்பு வரோணும்னுதான் அத்தனை நேரம் வேண்டிக்கிட்டு நின்னேன். வெள்ளையக் குடுத்துப்போட்டா. நா என்ன பண்ணட்டும்?"

இவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.  நான் ஒளித்து வைத்ததெல்லாம் அத்தைக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அந்த முழங்காலுக்கு ஞாயிறு மாலை மட்டும்தான் வலி வருமா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"எங்க, எடுத்து வெச்சுக் காட்டு" என்றார் அத்தை.

பெட்டியைத் திறந்து எடுத்தேன். காலி என்று பார்த்துக்கொண்டு, காலண்டர் மாட்டாத வெற்றுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். கண்ணை மூடித் தோளுக்கு எடுத்தேன். கடலைத் தோல் உதிர்த்துக்கொண்டு அத்தை எழுந்து வரும் சத்தம் கேட்டது. புஜத்தில் காயம் இருந்த அதே இடத்தில், சுடிதார்க் கைக்கு மேலேயே, சரியாக விரலை வைத்தார்.

"இங்க படுதா?"

"இல்லீங்க அத்தை."

விரலைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

"அப்பச் செரி. வறுத்து வெச்ச உப்பு அரைச் சட்டி கெடக்குது. அத ஊறுகாய்க்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.