மஞ்சள் லைற்றும் முத்துக்குமாரரும்

சண்டிலிப்பாய்ச் சந்தியில் நாற்பது வருசமாக வாடகைக் கார் வைத்து ஹயர் ஓடுகிறவர் முத்துக்குமாரர். சத்தத்தைக் கேட்டே காருக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசனை ஆறு மாதமாக ஒரு சின்ன மஞ்சள் லைற் பாடாய்ப் படுத்திவிட்டது.

மருமகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கிய யப்பான் கார். ஸ்ரியறிங்குக்கு முன்னால் என்ஜின் படம் போட்ட லைற் ஒன்று. மூன்று நாள் எரியும், நாலாம் நாள் அணைந்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் பளிச்சென்று எரியும். சனியன்!

வேறு நேரமென்றால் போய்த் தொலை என்று விட்டிருப்பார். மகள் கஜானிக்கு இது ஒன்பதாம் மாதம். எந்த நேரமும் நோக்காடு வரலாம். லைற் எரிகிற காரில் அவளை ஏற்ற முத்துக்குமாரருக்கு மனம் துணியவில்லை. பக்கத்து ஒழுங்கைச் சுபாஸ்கரனின் வானைச் சொல்லிவைத்தார். ஊரிலுள்ள பாதிப்பேரின் தாய்மாரை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் பறித்தவர், சொந்த மகளுக்கு இன்னொருத்தனிடம் வான் கேட்டுவிட்டு வந்து, அன்று சோறே தின்னவில்லை.

அவரிடம் முந்தி ஏ-போட்டி என்ற பழைய இங்கிலிஷ் கார் ஒன்று நின்றது. என்ன கார் அது! ஒன்பது பேரை ஏற்றினாலும் முனகாது. சண்டையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டே ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் மருந்துப் போத்திலுக்குள் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். பொனற்றைத் திறந்து நாலு சொட்டு விட்டால், இருமிக் கனைத்து, ஒழுங்கையெல்லாம் புகையாக்கிக்கொண்டு எழும்பும். கூறைச்சேலையோடு இறங்குகிற பொம்பிளையிலும் மண்ணெண்ணெய் மணக்கும், ஐயரிலும் மணக்கும். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அந்தக் காரில் லைற் என்று இருந்தது முன்னுக்கு இரண்டுதான், அதிலும் ஒன்று எரியாது.

போன செவ்வாய் காலையில் லைற் எரிந்தது. இன்றைக்கு இதை விடுவதில்லை என்று, குருநகரிலிருந்து வந்து சந்தியில் கராஜ் போட்டிருக்கும் ஜெரிசனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவன் ஸ்கானரைக் கொழுவிப் பார்த்தான். பிறகு எழும்பிப் பின்பக்கம் போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் தொட்டான். அது லொடலொடவென்று ஆடியது.

"அண்ணை, உதுதான் வருத்தம். மூடி இறுகேல்லை. காத்துப் போனால் லைற் எரியும். 'டிக்' எண்டு கேக்குமட்டும் திருக்க வேணும். சில நாள் தற்செயலாய் இறுகியிருக்கும், அப்ப அணைஞ்சிருக்கும். உதை ஆர் கழட்டுறது?"

"நான்தான் தம்பி. ஒவ்வொரு நாளும் காலமை திறந்து மணந்து பாக்கிறனான்."

"பெற்றோல் எவ்வளவெண்டு முள்ளுக் காட்டுதே, பிறகேன் மணக்கிறியள்?"

முத்துக்குமாரர் மாமரத்தடியில் குந்தினார். ஆருக்கும் சொல்லாத கதை, வாயில் வந்துவிட்டது.

"தொண்ணூற்றிரண்டிலை மனிசியை முதல் பிள்ளைக்கு ஏத்திக்கொண்டு போறன். மானிப்பாய் தாண்ட குண்டு போடுற பொம்மர் வந்திட்டுது. காரை நிப்பாட்டிப்போட்டு மதகடியிலை படுத்தம். திரும்பி வர என்ஜின் ஆறிப்போச்சு. போத்திலை எடுத்தால் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. வெளிக்கிடேக்கை நான் பாக்கேல்லை. மாட்டுவண்டில் பிடிச்சுப் போக ஒண்டரை மணித்தியாலம். பிள்ளை செத்துத்தான் பிறந்தது. நான் பாத்திருந்தால் அது இருந்திருக்கும்."

தேத்தண்ணியோடு வந்த மனைவி குணலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தட்டத்தைப் பொனற்றில் வைத்தாள்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? அது வீட்டை விட்டு வெளிக்கிட முதலே வயித்துக்கையே செத்துப்போச்சு. முதல் நாளே துடிப்பு நிண்டிருக்க வேணுமெண்டு டொக்டர் எனக்குச் சொன்னவர்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"உங்களுக்கும் சொல்லியிருப்பினம் எண்டெல்லே நான் நினைச்சன்! அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போயிடுவியள். நோகுது எண்டு நானும் விட்டிட்டன். கடவுளே, இவ்வளவு காலமும் உதையோ சுமந்துகொண்டு திரிஞ்சனீங்கள்!"

முப்பத்துமூன்று வருசம். ஒவ்வொரு காலையும் அந்த மனுசன் தாங்கியைத் திறந்து மணந்தது பெற்றோலை மட்டுமா? முத்துக்குமாரர் முகத்தைச் சால்வையால் பொத்திக்கொண்டு, வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதார். ஜெரிசன் ஸ்கானர் வயரைச் சுத்துகிற சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

குணலட்சுமி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவளுக்கும் கண் நிரம்பியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அழுதது காணும். சுபாஸ்கரனுக்குப் போன் எடுத்து வான் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. கஜானியை நீங்கள்தான் கொண்டு போறியள்."

"ஓம்" என்றார். போனைக் கையில் எடுத்தவர் அழுத்தாமல் வைத்திருந்தார். அன்றைக்கு ஆசுப்பத்திரியில், பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று வெளியிலேயே நின்றவர் அவர். தமையன்தான் கொண்டுபோய் மண்ணுக்குள் தாட்டது.

"இஞ்சாரும், அது ஆரைப்போலை இருந்தது?"

"உங்களைப்போலை" என்றாள் குணலட்சுமி. "உரிச்சுப் படைச்சு."